அப்பத்தாவின் பெயர் என்ன?

“யப்பா, அப்பத்தா பேரு என்னப்பா?”

செல்போனில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த மகள் கேட்டாள். அப்பா யோசிக்கவே இல்லை. “வெள்ளையம்மா.”

“வெள்ளையம்மான்னு பழைய லிஸ்ட்ல யாருமே இல்லையேப்பா. தாத்தா பேருக்குக் கீழ மீனாட்சின்னு ஒருத்தங்கதான் இருக்காங்க.”

“மீனாட்சியா? அது யாருத்தா?”

திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரிய அத்தை சிரித்துவிட்டார். “ஏண்டா, பெத்த ஆத்தா பேரு தெரியலையா ஒனக்கு? மீனாட்சிதான் நம்ம ஆத்தா. அய்யாவப் பெத்த அப்பத்தா பேரும் மீனாட்சி. மாமியா இருக்கிற வீட்ல மருமகளையும் அதே பேரச் சொல்லி எப்படிக் கூப்பிடறது? ஆளு கொஞ்சம் வெளுப்பா இருக்கவும் வெள்ளையம்மான்னு ஆயிருச்சு. நீ பொறந்ததுல இருந்து அதத்தான கேட்டிருக்க.”

பெயர்களை மட்டும் மாற்றினால் பல வீடுகளுக்குப் பொருந்தும் காட்சி இது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தங்கள் பெயரையோ பெற்றோர், தாத்தா பாட்டி பெயரையோ தேடும் வேலை வீட்டுக்கு வீடு வந்தது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் கையில் செல்போனோடு பிள்ளைகள், எதிரில் நெற்றியைச் சுருக்கியபடி பெரியவர்கள். நம் வீட்டு மனிதர்களுக்கு வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு இது பழைய தலைவலி. வாரிசுச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேறியவர்களுக்கும் தெரியும். இறப்புச் சான்றிதழில் ‘சின்னச்சாமி’, பட்டாவில் ‘சுப்பையா’, வங்கிப் புத்தகத்தில் ‘எம்.சுப்பையன்’. மூவரும் ஒருவர்தான் என்று காட்டுவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும்.

பேரன் என்றால் யார்?

இந்தக் குழப்பத்தின் வேர் நம் சொல்லிலேயே இருக்கிறது. பேரன் என்பது ‘பெயரன்’ என்ற சொல்லின் பேச்சு வடிவம். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். தலைமகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், தலைமகளுக்கு அப்பத்தா அல்லது அம்மாச்சி பெயர் என்பது தென்மாவட்டங்களில் பல சமூகங்களுக்குப் பொதுவான வழக்கம்.

இதைக் கொஞ்சம் கணக்காகப் போட்டுப் பாருங்கள். முத்தையாவின் மகன் கருப்பையா. அவர் தன் அப்பா பெயரைத் தன் மகனுக்கு வைக்கிறார், அவர் முத்தையா. இந்த முத்தையாவின் மகனுக்கு மறுபடியும் கருப்பையா. இப்போது தாத்தாவும் மு.கருப்பையா, பேரனும் மு.கருப்பையா. பெயரும் ஒன்று, இனிஷியலும் ஒன்று. 1950-இல் எழுதிய பத்திரத்தில் இருக்கும் மு.கருப்பையாவும், 1995-இல் கையெழுத்துப் போட்ட மு.கருப்பையாவும் ஒரே ஆள் என்று நினைத்துக் குடும்ப மரம் வரைந்தால், நடுவில் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும்.

சிக்கல் அதோடு முடிவதில்லை. தாத்தாவுக்கு நான்கு ஆண் பிள்ளைகள் என்றால், நான்கு வீட்டிலும் தலைப்பிள்ளை கருப்பையாதான். ஒரே தெருவில் நான்கு கருப்பையா. களத்துமேட்டில் நின்று “ஏ கருப்பையா” என்று கூப்பிட்டால் நான்கு தலை திரும்பும். அதனால் ஊர் தன் வேலையைச் செய்தது. பெரிய கருப்பு, சின்னக் கருப்பு, கட்டைக் கருப்பு, கிணத்துவீட்டுக் கருப்பு.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏட்டுப் பெயர் எல்லோரையும் ஒன்றாக்கியது. பட்டப்பெயர்தான் ஆளை ஆளாகப் பிரித்துக் காட்டியது. ‘இது வெறும் கூப்பிடுற பேரு’ என்று ஒதுக்கிவிட்டுப் ‘சரியான’ பெயரை மட்டும் எழுதி வைப்பவர்கள், கையிலிருந்த நல்ல சாட்சியத்தைத்தான் தூக்கிப் போடுகிறார்கள்.

சொல்லக் கூடாத பெயர்

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தாகிவிட்டது. ஆனால் அதைக் கூப்பிடுவது யார்? மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வது அந்தக் காலத்தில் மரியாதைக் குறைவு. மாமியாருக்கோ அது கணவன் பெயர். அவரும் சொல்ல மாட்டார். அழுகிற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டியவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான். ஆகவே பிள்ளைக்கு வீட்டில் வேறு பெயர் வந்தது. ராசா, தம்பி, தொரை, பெரியவன், குட்டி, பாப்பா, ராசாத்தி, தங்கம். பலருக்கு அறுபது வயது வரை அதுவே பெயர்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடம் கணவர் பெயரைச் சொல்லாமல், பக்கத்து வீட்டு மதினியைச் சொல்லச் சொன்ன பாட்டிகளின் கதை ஊருக்கு ஊர் உண்டு. பக்கத்து வீட்டு மதினி சொன்னது நிச்சயம் தெருவில் கூப்பிடும் பெயராகத்தான் இருந்திருக்கும். அதுதான் ஏட்டில் ஏறியிருக்கும்.

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டது சாமிநாதன்; அதையும் சுருக்கி ‘சாமா’. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கப் போனபோது, இந்தப் பெயர்களில் சாமிநாதன் என்பதே ஆசிரியருக்குப் பிடித்துப்போனது. அதுவே நிலைத்தது. இன்று வேங்கடராமன் என்று தேடினால் தமிழ்த் தாத்தா கிடைக்க மாட்டார்.

குப்பை, பிச்சை, போதும்பொண்ணு

சில பெயர்கள் ஒரு குடும்பத்தின் துக்கத்தைச் சொல்லும். அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்துபோன வீட்டில், அடுத்து பிறந்த பிள்ளைக்கு மட்டமான பெயர் வைத்தால் சாவின் கண்ணில் படாமல் தப்பிக்கும் என்று நம்பினார்கள். பிள்ளையைக் குப்பையில் ஒரு கணம் போட்டு எடுப்பார்கள். இன்னொருத்தரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு விலைக்கு வாங்குவார்கள். குப்பை, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள் என்ற பெயர்கள் பலவும் அப்படி வந்தவை.

குடும்ப வரலாறு தேடுபவர் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. உங்கள் பாட்டி பெயர் பிச்சையம்மாள் என்றால், அவருக்கு முன் பிறந்த யாராவது இறந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு பெரிய தாத்தாவோ, பெரிய பாட்டியோ ஒரு வயதில், இரண்டு வயதில் போய்ச் சேர்ந்த கதை வெளியே வரலாம்.

போதும்பொண்ணு என்ற பெயரும் மதுரைச் சீமையில் கேட்ட பெயர்தான். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், ‘பொண்ணு போதும் சாமி’ என்று கடவுளுக்குச் சொன்ன விண்ணப்பம் அது. அந்தப் பெயரோடு ஒரு பெண் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், கல்யாணம் கட்டியிருக்கிறாள், கைநாட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பாட்டியின் பெயரை எழுதும்போது, பக்கத்தில் அவருடைய அக்காமார் எத்தனை பேர் என்றும் எழுத இடம் விடுங்கள். பெயரே சொல்கிறது, முன்னால் சிலர் உண்டு என்று.

மீனாட்சி முதல் ராயப்பன் வரை

பெயரைச் சுருக்குவதற்கு எழுதாத இலக்கணம் ஒன்று உண்டு. முன்பாதியைப் பிடிப்பது ஒரு வகை: மீனாட்சி மீனாவாவார், விசாலாட்சி விசாலமாவார், வைத்தியநாதன் வைத்தி, சீனிவாசன் சீனு, காமாட்சி காமு. பின்பாதியைப் பிடிப்பது இன்னொரு வகை: சுப்பிரமணியன் மணி, ராமச்சந்திரன் சந்திரன், கிருஷ்ணமூர்த்தி மூர்த்தி. மூன்றாவது வகை, குழந்தை நாக்கில் உருண்டு வந்தவை: கிருஷ்ணன் கிச்சா, நாராயணன் நாணா.

மதுரையின் இரண்டு பெரிய சங்கீத வித்வான்களைப் பாருங்கள். மதுரை மணி ஐயரின் முழுப்பெயர் சுப்பிரமணியன். மதுரை சோமுவின் முழுப்பெயர் சோமசுந்தரம். ஒருவருக்கு வால் மிஞ்சியது. இன்னொருவருக்குத் தலை மிஞ்சியது.

திருப்பிப் போகும்போதுதான் ஆபத்து. ‘மணி’ என்று ஒரு பழைய கடிதத்தில் இருந்தால் அது சுப்பிரமணியனாகவே இருக்க வேண்டியதில்லை. மணிகண்டன், சிகாமணி, மணிமேகலை, வெறும் மணி என்று எதுவாகவும் இருக்கலாம். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது.

தெய்வப் பெயர்களும் இப்படித்தான். சொக்கலிங்கம், சுந்தரேசன், சோமசுந்தரம், ஆலவாயன் என்று எல்லாமே மதுரைக் கோயிலில் இருக்கும் ஒரே சாமியின் பெயர்கள். வீட்டில் ‘சொக்கு’ என்று கூப்பிட்டவருக்குப் பள்ளிக்கூடத்தில் சுந்தரேசன் என்று எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இது இன்னும் சுவையானது. ராயப்பன் என்றால் பீட்டர். சின்னப்பன் என்றால் பால். சூசை என்றால் ஜோசப், அருளப்பன் என்றால் ஜான், யாகப்பன் என்றால் ஜேம்ஸ், சவேரியார் என்றால் சேவியர். முடியப்பன் என்றால் ஸ்டீபன். அந்தக் கிரேக்கப் பெயருக்கு முடி, கிரீடம் என்று பொருள், அதை அப்படியே தமிழாக்கிவிட்டார்கள். பழைய கத்தோலிக்க ஆலய ஏடுகளில் லத்தீன் வடிவத்திலும் பெயர்கள் இருக்கும். ராயப்பன் தாத்தாவைத் தேடுபவர் பேதுரு, பீட்டர், பெட்ருஸ் என்று எல்லாவற்றையும் பார்த்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

பெயருக்குப் பெயர் போன ஊர்

மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியை வீட்டில் ‘குஞ்சம்மா’ என்று கூப்பிட்டார்கள். அவருடைய இனிஷியலில் எம் என்பது மதுரை. எஸ் என்பது வீணைக் கலைஞரான அம்மா சண்முகவடிவு. இனிஷியல் என்றாலே அப்பா பெயர் என்று எண்ணித் தேடத் தொடங்கினால், முதல் அடியே தவறிப் போகும்.

டி.எம்.சௌந்தரராஜனுக்கு எம் என்பது அப்பா மீனாட்சி அய்யங்கார். டி என்பது ஊரோ தாத்தாவோ இல்லை. தொகுளுவா என்ற குடும்பப் பெயர். மதுரை சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு இப்படி வீட்டுப் பெயர்கள் உண்டு. அவர்களுக்கு வேர் தேட இதுவே பெரிய உதவி.

விருதுநகரில் 1903-இல் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயர். அம்மா சிவகாமி ‘ராஜா’ என்று கூப்பிட்டார். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. அவர் பிறந்தபோது ஊரின் பெயரும் வேறு, அது விருதுபட்டி. 1923-இல்தான் விருதுநகர் ஆனது. ஆள் பெயரும் ஊர் பெயரும் சேர்ந்து மாறிய கணக்கு இது.

பண்ணைப்புரத்தில் பிறந்த ஞானதேசிகன், பள்ளியில் ராஜய்யா; ஊர் வாயில் ராசய்யா; சென்னையில் தன்ராஜ் மாஸ்டருக்கு ராஜா; 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தில் இளையராஜா. இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் பண்ணைப்புரம், அவர் பிறந்தபோது மதுரை மாவட்டம். திண்டுக்கல் 1985-இலும் தேனி 1996-இலும்தான் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. கம்பம், பழனிப் பக்கத்துத் தாத்தாக்களின் பழைய தாள்களில் ‘மதுரை ஜில்லா’ என்று இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

மதுரை மக்கள் வெள்ளைக்காரரையும் விட்டுவைக்கவில்லை. 1812 முதல் 1828 வரை கலெக்டராக இருந்த ரவுஸ் பீட்டர், ஊர் வாயில் ‘பீட்டர் பாண்டியன்’. மீனாட்சி அம்மனுக்குத் தங்கத்தில் அங்கவடி செய்து கொடுத்தவர். அவருக்கு முன்பு மதுரையை ஆண்டு, 1764-இல் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம், யூசுப்கான், கான்சாகிபு மூவரும் ஒருவரே.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததும் இல்லை. சங்கப் புலவர்களில் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இருக்கிறார். ஊர், அப்பா செய்த தொழில், சொந்தப் பெயர் என்று முழு முகவரி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றால் துணி வியாபாரி. இன்றைய ‘ஜவுளிக்கடை மாமா’ மாதிரிதான். இன்னும் சிலருக்கு இயற்பெயரே தொலைந்துபோய், பாட்டில் வந்த தொடரே பெயராகிவிட்டது: செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார். கூப்பிட்ட பெயர் மட்டும் மிஞ்சி, வைத்த பெயர் மறைந்துபோவது நம் மண்ணில் இரண்டாயிரம் வருடக் கதை.

கடல் தாண்டிய பெயர்கள்

பட்டப்பெயரோடு கப்பல் ஏறியவர்களின் பாடு இன்னும் கடினம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். கப்பல் பட்டியலில் எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பெயரைக் காதில் கேட்டபடி எழுதினார்கள். முனிசாமி அங்கே மூன்சாமி ஆனார். கவுண்டர் கவெண்டர் ஆனார். ஒரு தாத்தாவின் சொந்தப் பெயரே பின்னால் வந்த எல்லாத் தலைமுறைக்கும் குடும்பப் பெயராக உறைந்துவிட்டதும் நடந்தது. இன்று அங்கிருந்து வேர் தேடி மதுரைக்கு வருபவர் கையில் இருப்பது அந்த உறைந்த பெயர் ஒன்றுதான்.

இலங்கை மலையகத்தில் பெயர், குடியுரிமைக் கேள்வியாகவே ஆனது. அங்கே பிறந்தவர்களும் குடிமக்கள் என்று ஆவதற்கு, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி தந்தையோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. தோட்டத்து லயத்தில் எல்லோரும் கூப்பிட்ட பெயர் ஒன்று, செக்ரோலில் எழுதிய பெயர் ஒன்று என்று வாழ்ந்தவர்கள் பூட்டனுக்கு எங்கே போவார்கள்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மண்டபம் முகாம் வழியாகத் தாயகம் திரும்பிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இன்று மதுரைப் பக்கம் சொந்த ஊர் தேடுகிறது. பல வீடுகளில் பாட்டன் ஊர் தெரியும். பாட்டனின் ஏட்டுப் பெயர் தெரியாது.

மலேசியா போன குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்று மலாய்ச் சுருக்கம் போட்டிருப்பார்கள். அப்பா பெயர் முழுதாகக் கிடைக்கும். நம் ஊர் ஒற்றை எழுத்து இனிஷியலைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கே தேடலாம்?

*மொய் நோட்டு.* பரணில் கிடக்கும் பழைய மொய் நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதுவது ஒரு பொருளாதாரமே. திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்பதால் ஆளைத் துல்லியமாக எழுதுவார்கள்: ஊர், பட்டப்பெயர், பெயர், அப்பா பெயர். வீட்டுப் பெயரும் ஏட்டுப் பெயரும் ஒரே வரியில் சேர்ந்து உட்காரும் அருமையான ஆவணம் அது. தாய்மாமன் வரிசையும் அதிலேயே கிடைக்கும்.

*குலதெய்வக் கோயில் வரி நோட்டு.* சிவராத்திரிக்குக் கூடும் பங்காளிகளிடம் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு இருக்கும். ஒவ்வொரு கல்யாணமான ஆணும் ஒரு தலைக்கட்டு. பழைய நோட்டுகளை வரிசையாகப் பார்த்தால், யார் எந்த வருடம் தனி வரியானார், யார் பெயர் நின்றுபோனது என்று தெரியும்.

*பத்திரிகையும் போஸ்டரும்.* கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. மதுரைச் சுவரொட்டிகளில் அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயர் போடாத ஆள் அபூர்வம். இனி கண்ணில் படும்போது ஒரு படம் எடுத்து வையுங்கள்.

*பத்திரமும் பட்டாவும்.* பழைய பத்திரத்தில் ‘என்கிற’ என்ற சொல்லையோ, அடைப்புக்குறிக்குள் ‘எ’ என்ற எழுத்தையோ தேடுங்கள். ‘சுப்பையா (எ) சின்னச்சாமி’ என்ற ஒரு வரி பத்து வருடக் குழப்பத்தைத் தீர்க்கும். 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். நிலப்பதிவு வேலையில் கூப்பிடும் பெயரே பட்டாவில் ஏறிய குடும்பங்கள் உண்டு. அதற்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

*பிறப்புப் பதிவு.* பழைய பிறப்புப் பதிவில் தாத்தா பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பிறந்த சில நாளில் பதிவு செய்யும்போது பிள்ளைக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். ‘ஆண் குழந்தை’, அப்பா பெயர், தேதி, அவ்வளவுதான் இருக்கும். பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரையும் வருடத்தையும் வைத்துத் தேடுங்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அப்படிப் பெயரில்லாமல் பதிவான பிறப்புக்குப் பின்னால் பெயர் சேர்க்க இடம் தருகிறது.

தேடும்போது இரண்டு சங்கதிகளை மனதில் வையுங்கள். ஒன்று, எழுத்து. லட்சுமி, இலட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி எல்லாம் ஒன்றே. கணினிக்கு நான்கும் வேறு வேறு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் ‘னை’, ‘லை’, ‘ணா’ போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டு, பட்டம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயரில் ஒட்டிய சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தாத்தா பெயரில் இருந்த வால் அப்பா பெயரில் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். வாலோடும் வாலில்லாமலும் தேடுங்கள்.

ஒரே ஆள்தானா?

கிடைத்த இரண்டு பெயரும் ஒருவருடையதா என்று முடிவு செய்ய, பெயரைத் தவிர வேறு மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவி அல்லது கணவர் பெயர், ஊர் அல்லது தெரு, வயது. மூன்றும் ஒத்துவந்தால் ஒன்றாக எழுதலாம். இரண்டுதான் என்றால் பென்சிலில் எழுதுங்கள். ஒன்றுதான் என்றால் எழுதாமல் காத்திருங்கள். ஆசைக்கு எழுதிய ஒரு தப்பான தாத்தா, அவருக்குப் பின்னால் ஒரு முழு வம்சத்தையே தப்பாக இழுத்து வருவார்.

இங்கிலாந்தில் வேர் தேடுபவர்களிடம் பில் என்றால் வில்லியம், பெகி என்றால் மார்கரெட், ஜாக் என்றால் ஜான் என்று அச்சிட்ட அட்டவணை உண்டு. வங்காளிகள் வீட்டுக்கு ‘டாக் நாம்’, வெளியே ‘பாலோ நாம்’ என்று இரண்டு பெயரை முறையாகவே வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அப்படி ஒரு பொது அட்டவணை உதவாது. ஏனென்றால் வெள்ளையம்மா எல்லா வீட்டிலும் மீனாட்சி இல்லை. அட்டவணையை அந்தந்த வீடுதான் போட வேண்டும்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போதும். கூப்பிட்ட பெயர், வைத்த பெயர், ஏட்டில் இருக்கும் பெயர், யார் அப்படிக் கூப்பிட்டார்கள், ஏன். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். கதை எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நிரப்பும் வரிசையும் முக்கியம். வீட்டில் இருப்பவர்களில் வயது கூடியவரிடமிருந்து தொடங்குங்கள். பட்டாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது தாலுகா ஆபீஸில் எங்கும் போகாது. பெரிய அத்தை அப்படி இல்லை. அந்தத் திண்ணையில் அன்று அவர் இல்லாமல் போயிருந்தால், பழைய பட்டியலில் இருந்த மீனாட்சி யாரோ ஒருவராகவே இருந்திருப்பார். வெள்ளையம்மா எங்குமே இல்லாதவர் ஆகியிருப்பார்.

பாட்டிகளிடம் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். “அப்பத்தா, ஒங்க சொந்தப் பேரு என்ன?” என்று கேட்டால் உடனே பதில் வராது. இன்னார் மகள், இன்னார் பொண்டாட்டி, இன்னார் ஆத்தா, இன்னார் அப்பத்தா என்றே காலம் போனவர்கள் அவர்கள். “எம்பேரு எதுக்குத்தா இப்ப?” என்பார்கள். இரண்டாம் முறை கேளுங்கள். பிறந்த வீட்டில் என்ன கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். அவருடைய அம்மா கூப்பிட்ட பெயரைத் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது இப்போது அவர் ஒருவராகவே இருக்கலாம்.

சொன்னதும் எழுதிவிடுங்கள்.